வருத்தம் யாருடையது?

ஆங்கிலத்தில் ‘ரெக்ரெட்டப்ளி’ என்று ஒரு சொல் உண்டு. ‘வருந்தத்தக்க வகையில்’ என்பது அதன் பொருள். அலுவலகக் கடிதங்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் அச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் முதலிலேயே வந்து நிற்கிறது. ‘வருந்தத்தக்க வகையில், தங்கள் விண்ணப்பம் உரிய காலத்தில் கவனிக்கப்படவில்லை’ என்று ஒரு கடிதம் வருமானால், படிப்பவரின் மனம் சற்றே தணிகிறது. யாரோ தமக்காக வருந்துகிறார்கள் என்ற எண்ணம் அவருக்கு உண்டாகிறது. ஆனால் அதே வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை படித்தால் ஓர் உண்மை புலப்படும். அதில் வருந்துகிறவர் ஒருவரும் இல்லை. விண்ணப்பத்தைக் கவனிக்காமல் விட்டவரும் இல்லை. தவறு தானாகவே நடந்தது போலவும், வருத்தம் காற்றில் தானாகவே மிதப்பது போலவும் அந்த வாக்கியம் அமைந்திருக்கிறது.

அதே வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல் ‘ரெக்ரெட்ஃபுலி’. ‘வருத்தத்துடன்’ என்பது அதன் பொருள். இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதி எழுதுவோர் பலர். இரண்டும் வேறு என்று ஆங்கில மொழிநடை நூல்கள் எச்சரிக்கின்றன. ‘வருத்தத்துடன் அவர் விடைபெற்றார்’ என்றால், வருத்தம் விடைபெற்றவரின் உள்ளத்தில் இருக்கிறது. ‘வருந்தத்தக்க வகையில் அவர் விடைபெற்றார்’ என்றால், அவர் மகிழ்ச்சியோடுகூடச் சென்றிருக்கலாம். அந்த நிகழ்ச்சி வருந்தத்தக்கது என்று பார்ப்பவர் மதிப்பிடுகிறார், அவ்வளவே. முதல் சொல்லில் வருத்தத்திற்கு ஓர் உரிமையாளர் உண்டு. இரண்டாவதில் அவர் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இலக்கணம் காட்டும் இந்தச் சிறு வேறுபாட்டுக்குள் அறநெறியின் பெரிய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. தவறு நேர்ந்தபின் எழும் வருத்தம் யாருடையது? அது உண்மையானது என்பதற்கு அடையாளம் என்ன?

சொற்கள் நழுவும் விதம்

ஆங்கிலச் சொல்லின் மூலம் பழைய பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. இறந்தவரை நினைத்துப் புலம்புவது என்பதே அங்கு அதன் பொருளாக இருந்தது. வாய்விட்டு அழுத அச்சொல், காலப்போக்கில் கடிதத் தலைப்பின் மரியாதைச் சொல்லாகிவிட்டது.

இந்திய மொழிகளிலும் இத்தகைய நழுவல்கள் உண்டு. ‘அனுதாபம்’ என்ற வடசொல் தமிழில் பிறர் துன்பத்தில் பங்கு கொள்வதைக் குறிக்கிறது. வடமொழியிலோ அதற்குத் தன் செயலை நினைத்துத் தானே வருந்துதல் என்று பொருள். ‘தாபம்’ என்றால் வெம்மை. செயலைத் தொடர்ந்து வந்து, செய்தவனையே சுடும் வெம்மை அனுதாபம். ‘பச்சாத்தாபம்’ என்பதும் அத்தகையதே. செயலுக்குப் பின் எழும் சூடு என்பது அதன் நேர்ப்பொருள்.

‘துரதிர்ஷ்டவசமாக’ என்ற சொல் இன்னும் சிந்திக்கத்தக்கது. ‘அதிர்ஷ்டம்’ என்பதன் வடமொழி வடிவமான ‘அத்ருஷ்டம்’ கண்ணுக்குப் புலப்படாதது என்று பொருள்படும். மீமாம்சை, வைசேஷிகம் முதலிய தரிசனங்களில் அது ஒருவர் செய்த செயல்களின் புலப்படாத விளைவைக் குறிக்கும். இன்று ஒருவர் ‘துரதிர்ஷ்டவசமாக நடந்துவிட்டது’ என்று கூறும்போது, ‘இதில் எனக்குப் பங்கில்லை’ என்பதையே உணர்த்த விரும்புகிறார். ஆனால் அச்சொல்லின் பழம்பொருளோ, செய்தவனிடமே திரும்பி வந்து நிற்கிறது. பொறுப்பை இறக்கி வைக்கப் பயன்படும் சொல்லே பொறுப்பை நினைவூட்டும் சொல்லாகவும் இருக்கிறது.

மைசூரு அரண்மனையில் ஓர் உருவம்

சொல்லில் முடிந்துவிடாத வருத்தம் எவ்வாறு இருக்கும் என்பதற்கு மைசூரு நாட்டில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் ஒரு வரலாற்றுக் கதை சான்றாக நிற்கிறது.

1610ஆம் ஆண்டில் மைசூரின் அரசர் ராஜ உடையார், விஜயநகரப் பேரரசின் பிரதிநிதி திருமலராஜனின் ஆட்சியிலிருந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தம் வசமாக்கினார். மைசூரு தசரா விழாவின் தொடக்கமும் அந்த ஆண்டில்தான் என்பர். திருமலராஜன் கொடிய நோயால் வருந்தி, காவிரிக் கரையிலுள்ள தலக்காட்டிற்குச் சென்று அங்கேயே உயிர்நீத்தார் என்று மரபு கூறுகிறது. தலக்காடு தமிழ் மக்களுக்கும் தொடர்புடைய ஊர்தான். முதலாம் ராஜராஜனின் காலத்தில் சோழர் அதனை வென்று ராஜராஜபுரம் என்று பெயரிட்டனர்.

திருமலராஜனின் மனைவி அலமேலம்மா. விலையுயர்ந்த அணிகலன்கள் சில அவரிடம் இருந்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோயிலின் ரங்கநாயகித் தாயாருக்குச் சிறப்பு நாட்களில் அவற்றை அணிவிப்பது வழக்கமாக இருந்தது. ஆட்சி மாறியபின் அந்த அணிகலன்கள் கோயிலுக்கு வேண்டும் என்று கேட்கப்பட்டன. அலமேலம்மா முத்து மூக்கணியை மட்டும் அனுப்பினார் என்பது கதை. எஞ்சியவற்றைப் பெற அரசர் வீரர்களை அனுப்பினார். கணவனையும் நாட்டையும் இழந்த அந்தப் பெண்மணி, அணிகலன்களோடு தலக்காட்டிற்கு எதிர்க்கரையில் உள்ள மாலங்கியில் காவிரியின் மடுவில் பாய்ந்து உயிர்விட்டார். தலக்காடு மணல் மூடிப் போகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூரு அரசருக்கு வாரிசு இல்லாது போகட்டும் என்று அவர் சாபமிட்டதாக மக்கள் இன்றும் கூறுகின்றனர்.

தலக்காட்டின் கோயில்கள் மணலில் புதைந்தது காணக்கூடிய உண்மை. ஆற்றின் போக்கும் காற்றும் அதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. மைசூரு அரச குடும்பத்தில் சுவீகாரம் பலமுறை நிகழ்ந்ததும் உண்மை. ஆயினும் சாபம் பலித்ததா இல்லையா என்பது இங்கு முக்கியமன்று. செய்தி கேட்டபின் அரசர் என்ன செய்தார் என்பதே முக்கியம்.

செய்தி கேட்டு மனம் வெதும்பிய ராஜ உடையார், அலமேலம்மாவின் உருவத்தைச் செய்வித்து, அதனை அரண்மனையில் வைத்துத் தெய்வமாக வணங்கினார் என்று மரபு கூறுகிறது. மைசூரு அரண்மனையில் அந்த வழிபாடு தொடர்ந்து வந்துள்ளது.

இச்செயலின் தன்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். அரசர் நினைத்திருந்தால் தப்பிக்கும் வழிகள் பல இருந்தன. ‘அணிகலன்கள் கோயிலுக்கு உரியவை, அவற்றைக் கேட்டதில் தவறில்லை’ என்று அவர் வாதிட்டிருக்கலாம். ‘வீரர்கள் வரம்பு மீறிவிட்டனர்’ என்று பழியைக் கீழே தள்ளியிருக்கலாம். ‘அந்த அம்மையார் அவசரப்பட்டுவிட்டார்’ என்று இறந்தவர் மீதே சுமத்தியிருக்கலாம். ‘துரதிர்ஷ்டவசமாக’ என்ற ஒரு சொல்லோடு கடந்தும் போயிருக்கலாம். எல்லாவற்றிலும் ஓரளவு உண்மையும் இருந்திருக்கும். ஆனால் மரபு காட்டும் அரசர், தம்மைச் சபித்தவரின் முகத்தைத் தம் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். மறக்க விரும்புகிறவன் செய்யக்கூடிய செயல் அன்று அது. வெற்றியைக் கொண்டாடும் அதே குலம், அந்த வெற்றிக்குப் பலியானவரின் முன்னும் தலைவணங்குகிறது.

சாபத்திற்கு அஞ்சியே அரசர் வணங்கினார் என்று ஒருவர் கூறலாம். இருக்கலாம். அச்சமும் பச்சாத்தாபமும் மனித மனத்தில் கலந்தே இருக்கின்றன. வணங்கியதால் இறந்தவர் மீண்டு வரவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அந்த உருவம் ‘இது என்னால் நேர்ந்தது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த ‘என்னால்’ என்ற சொல்தான் மேலே கண்ட கடிதத்தில் இல்லாதது.

நாடுகள் வருந்தும்போது

இதே சோதனையை நாடுகளுக்கும் வைத்துப் பார்க்கலாம். 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிகளான மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றைய ஆங்கில அரசின் கணக்கே 379 பேர் என்று கூறியது. உண்மை எண்ணிக்கை அதனினும் மிகுதி என்பது இந்தியர்களின் கருத்து. நூறாண்டு நிறைவையொட்டி 2019இல் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் அந்நிகழ்ச்சி குறித்து ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. வருத்தம் நிகழ்ச்சியைப் பற்றியது. மன்னிப்பு, செய்தவரைப் பற்றியது.

இதற்கு மாறாக, 1914இல் வான்கூவர் துறைமுகத்துக்கு 376 பயணிகளுடன் வந்த கோமகாடா மாரு கப்பலைக் கனடா திருப்பி அனுப்பியதற்காக, அந்நாட்டின் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ 2016ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். பயணிகளில் பெரும்பாலோர் சீக்கியர். தாய்நாடு திரும்பியபோதும் கல்கத்தாவுக்கு அருகில் அவர்களில் பலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர்.

ஒரே நாட்டில் இவ்விரண்டு நிலைகளும் அடுத்தடுத்து வந்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகள் பல்லாண்டுகள் அரசின் ஆணைப்படி பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். 1999இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதற்காக வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் இயற்றியது. அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்ட், மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர்த்தார். முன் தலைமுறையின் செயலுக்கு இன்றைய தலைமுறை எவ்வாறு பொறுப்பாகும் என்பது அவருடைய வாதம். 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதி அடுத்த பிரதமர் கெவின் ரட் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவையில் அமர்ந்திருந்த முதியோர் கண்ணீர் விட்டனர். இழந்த ஆண்டுகள் அவர்களுக்குத் திரும்பவில்லை. ஆனால் தங்கள் துன்பம் தானாக நேர்ந்ததன்று, அது இழைக்கப்பட்டது என்ற உண்மையை, இழைத்த அரசின் வாயாலேயே அவர்கள் கேட்டனர். துன்புற்றவர் முதலில் வேண்டுவது இந்த உண்மையைத்தான்.

அசோகரின் இரு கல்வெட்டுகள்

வருந்திய அரசர் என்றதும் இந்திய மனத்தில் எழும் முதல் பெயர் அசோகர். கலிங்கப் போரில் ஓரிலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர் என்று அவருடைய பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு அறிவிக்கிறது. வெற்றி பெற்ற அரசனே தன் வெற்றியின் விலையை எண்ணிக்கையோடு அறிவித்து, அதற்காகத் தான் வருந்துவதாகக் கல்லில் பொறித்தது உலக வரலாற்றில் அரிது.

ஆனால் இதில் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கலிங்க நாட்டிலுள்ள தௌலி, ஜௌகடா என்ற இடங்களில் அந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு இல்லை. அதற்குப் பதிலாக வேறு இரு தனிக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. மக்கள் அனைவரும் தம் குழந்தைகள் என்றும், யாரையும் காரணமின்றிச் சிறைப்படுத்தவோ துன்புறுத்தவோ கூடாது என்றும் அதிகாரிகளுக்கு இட்ட கட்டளைகள் அவை. துன்புற்ற மக்களின் முன்னிலையில் மட்டும் வருத்தத்தைச் சொல்லாமல் விட்டது ஏன் என்று கேட்பவர் உண்டு. புண்பட்டவர்களிடம் புண்ணைப் பற்றிப் பேசுவதைவிட, இனிப் புண்படாமல் காப்பதே மேல் என்று அவர் கருதியிருக்கலாம் என்று விடை கூறுபவரும் உண்டு. எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. வருத்தத்திற்கு இரு பாதிகள் உண்டு. ஒன்று ஒப்புக்கொள்வது, மற்றொன்று திருத்துவது. ஒன்றைச் செய்தவர்க்கு மற்றொன்றும் கடமையாகவே எஞ்சி நிற்கிறது.

வள்ளுவரும் உரையாசிரியரும்

வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், பின்னால் நினைத்து இரங்க நேரிடும் செயல்களைச் செய்யலாகாது என்கிறார். மனிதன் தவறக்கூடியவன் என்பதை அறிந்து, ஒருகால் செய்துவிட்டால் என்ன செய்வது என்றும் அதே குறளில் கூறுகிறார். அந்தப் பிற்பகுதிக்கு உரையாசிரியர்கள் இருவகையாகப் பொருள் கண்டனர். அத்தகைய செயலை மீண்டும் செய்யாதிருத்தல் நன்று என்பது ஒரு பொருள். செய்தபின் அமர்ந்து இரங்கிக்கொண்டே இருப்பதைச் செய்யாதிருத்தல் நன்று என்பது பரிமேலழகர் கண்ட பொருள். இரங்குவதால் மட்டும் பயனில்லை, செய்ததற்குத் தீர்வு தேட வேண்டும் என்பது அவர் கருத்து.

இவ்விரு உரைகளும் மேலோட்டமாக வேறுபடினும், வாழ்க்கையில் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. மீண்டும் செய்யாமை வருத்தத்தின் பயன். புலம்பலிலேயே தங்கிவிடாமை வருத்தத்தின் அளவு. ‘நான் பாவி, நான் பாவி’ என்று ஓயாது சொல்லிக்கொண்டிருப்பவன் பணிவுடையவன் போலத் தோன்றுவான். ஆனால் அவனுடைய சிந்தனையின் நடுவில் துன்புற்ற மற்றவர் இல்லை, அவனே இருக்கிறான். பொறுப்பைத் தட்டிக்கழிப்பவனும் தன்னைக் காக்கவே முயல்கிறான்; ஓயாது தன்னை நொந்துகொள்பவனும் தன்னையே சுற்றி வருகிறான்.

மனுஸ்மிருதியின் பிராயச்சித்தப் பகுதியும், செய்த குற்றத்தை வாய்விட்டு எடுத்துரைத்தல், மனம் வருந்துதல், தவம் முதலியவற்றைத் தூய்மைக்கு வழியாகக் கூறியபின், இனிச் செய்யேன் என்று விலகுவதால்தான் மனிதன் தூயவனாகிறான் என்று முடிக்கிறது. காந்தியடிகள் பதினைந்து வயதில் செய்த செயல் இதற்குச் சிறந்த உதாரணம். அண்ணனின் பொற்காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடிய குற்றம் மனத்தை அறுக்க, நோயுற்றிருந்த தந்தையிடம் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அக்கடிதத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தக்க தண்டனை தருமாறு கேட்டார். மகனின் குற்றத்திற்காகத் தந்தை தம்மை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று வேண்டினார். இனித் திருடுவதில்லை என்று உறுதி கூறினார். தந்தையின் கண்ணீர் காகிதத்தை நனைத்தது. அவர் ஒன்றும் கூறாமல் அதனைக் கிழித்துவிட்டார். அந்தக் கடிதத்தில் வருத்தத்தின் முழு இலக்கணமும் இருக்கிறது. அதில் ‘வருந்தத்தக்க வகையில் பொன் காணாமற் போயிற்று’ என்ற வாக்கியத்திற்கு இடமில்லை.

குற்றமில்லாத இடத்தில்

இங்கு ஓர் ஐயம் எழலாம். எல்லாத் துன்பங்களுக்கும் குற்றவாளி ஒருவர் இருந்தே தீர வேண்டுமா? இல்லை. மருத்துவர் தம்மால் இயன்றதனைத்தும் செய்தும் நோயாளி இறந்துவிடுகிறார். மழை பொய்த்துப் பயிர் கருகுகிறது. இத்தகைய இடங்களில் ‘வருந்தத்தக்க வகையில்’ என்று கூறுவதில் பிழையில்லை. செய்தவர் இல்லாத நிகழ்ச்சிக்கு உரிமையாளர் இல்லாத சொல்லே பொருந்தும்.

இடைப்பட்ட நிலையும் ஒன்று உண்டு. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் ஓர் உதாரணம் கூறினார். லாரி ஓட்டுநர் ஒருவர் தம்மிடம் எந்தத் தவறும் இல்லாமலே ஒரு குழந்தையின் மரணத்திற்குக் காரணமாகிவிடுகிறார். அருகில் நின்று பார்த்தவரும் வருந்துவார்; ஓட்டுநரும் வருந்துவார். ஆனால் இரு வருத்தங்களும் ஒன்றல்ல. ‘உன்மேல் குற்றமில்லை’ என்று மற்றவர்கள் அவரைத் தேற்றுவார்கள்; தேற்றவும் வேண்டும். ஆயினும் அவர் உடனே தேறிவிட்டால், தேற்றியவர்களே மனம் நெருடுவார்கள். குற்றம் இல்லாவிட்டாலும் தன் கை வழியே நேர்ந்த துன்பத்திற்கு மனிதன் ஏதோ ஒரு வகையில் கடமைப்பட்டிருக்கிறான். அந்த வீட்டுக்குச் சென்று நிற்பதும், இயன்றதைச் செய்வதும் சட்டம் கேட்காத கடமைகள். அவற்றைக் கேட்பது மனிதத்தன்மை.

ஆகவே அச்சொல் எல்லா இடத்திலும் பொய் என்பதன்று. செய்தவர் இருக்கும் இடத்தில் அவரை மறைக்க அதனைப் பயன்படுத்தும்போதுதான் அது பொய்யாகிறது.

விஷாதம் யோகமாகும் வழி

மைசூரில் பேசப்படும் கன்னடத்தில், வருந்தத்தக்கது என்பதற்கு ‘விஷாதனீய’ என்று வழங்குகின்றனர். பகவத்கீதையின் முதல் அத்தியாயத்திற்குப் பெயர் அர்ஜுன விஷாத யோகம். கைகால் தளர்ந்து, வில் நழுவித் தேர்த்தட்டில் சாய்ந்துவிட்ட ஒருவனின் சோர்வை யோகம் என்று அழைப்பது முதலில் வியப்பைத் தரும். ஆனால் அர்ஜுனன் தன் விஷாதத்தைப் பிறர்மீது ஏற்றி ஒதுங்கிவிடவில்லை. தன் தெளிவின்மையைத் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, ‘செய்ய வேண்டியது யாது?’ என்று கேட்டான். அந்தக் கேள்வியே துயரத்தை யோகமாக்கியது. கேள்வியில்லாத துயரம் வெறும் சோர்வாகவே முடிந்திருக்கும்.

அன்றாட வாழ்வில் இந்தச் சாதனைக்குப் பெரிய இடம் தேவையில்லை. வீட்டில், அலுவலகத்தில், நண்பரிடையே தவறு நேரும்போது ‘நடந்துவிட்டது’ என்று தொடங்கும் வாக்கியத்தை ‘நான் செய்துவிட்டேன்’ என்று மாற்றிச் சொல்வதே போதும். சொல்லிப் பார்ப்பவருக்கு அது எவ்வளவு கடினம் என்பது தெரியும். நாக்கு தயங்கும், காரணங்கள் வரிசையாக வந்து நிற்கும். அந்தத் தயக்கத்தைக் கடந்து சொல்லிவிட்டால், ‘இனி என்ன செய்யட்டும்?’ என்ற அடுத்த வாக்கியம் தானே வரும்.

ராஜ உடையார் வென்ற ஸ்ரீரங்கப்பட்டணம் இன்று அரச தலைநகரன்று. உடையார்களின் அரசுரிமையும் வரலாறாகிவிட்டது. ஆனால் தன்னால் துன்புற்றவரின் உருவத்தைத் தன் வீட்டில் வைத்து வணங்கிய அரசனின் கதை நானூறு ஆண்டுகளைக் கடந்தும் மக்கள் நினைவில் நிற்கிறது. உரிமையாளர் உள்ள வருத்தமே நிலைக்கிறது. அதுவே வருந்துபவரையும் தூய்மைப்படுத்துகிறது.